பணம் கைமாறாவிட்டால் அது ஏற்றுமதி இல்லையா? வன உயிர்ப் பண்டமாற்று பற்றிய கேள்விகளும் பதில்களும்

வணக்கம். மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. "காசு வாங்கவில்லை ஐயா, பொருளுக்குப் பொருள்தான் மாற்றினோம்" என்ற சமாதானத்தை எல்லைச் சாவடியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உங்கள் கேள்விகள் பலவும் அதையே சுற்றி வருகின்றன.

சட்ட மாணவி, திருச்சி: 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, விலை பணமாக இருந்தால்தான் அது விற்பனை. பண்டமாற்று விற்பனையே இல்லை என்றால் வன உயிர்ச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

நீங்கள் படித்தது சரிதான் அம்மா. ஆனால் எல்லையில் அந்தச் சட்டத்தை யாரும் புரட்டுவதில்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் ஏற்றுமதி என்பதற்கு இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவது என்றுதான் பொருள். விலை, பணம் என்ற பேச்சே அதில் கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் விற்பனையோடு நிற்கவில்லை. வணிக நோக்கில் எந்தக் கைம்மாறு பெற்றுக்கொண்டு கொடுத்தாலும் தவறு என்கிறது. அரிசி மூட்டையும் கைம்மாறுதான்.

அழியும் ஆபத்திலுள்ள காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தமும் இதே வழியில்தான் போகிறது. 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது; 1976-இல் இந்தியா சேர்ந்தது. அதன் பட்டியலில் உள்ள உயிரினம் எல்லை தாண்டினாலே அது வர்த்தகம். இரவலாகக் கொடுத்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட நம் சட்டத்தில் சைட்டீஸுக்கென்றே ஓர் அத்தியாயம் வந்துவிட்டது.

ஆசிரியர், மதுரை: புலி எலும்பைக் கொடுத்து ஷாதூஷ் கம்பளி வாங்கினார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திபெத் பீடபூமியில் சிரு என்ற மான் இருக்கிறது. அதன் உள்மயிர்தான் ஷாதூஷ். புதர்களில் சிக்கி உதிர்ந்த மயிரைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று வியாபாரிகள் நெடுநாள் கதை சொல்லிவந்தார்கள். சிருவைக் கொன்றுதான் அந்தக் கம்பளியை எடுக்கிறார்கள் என்பதை ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் உலகறியச் செய்தார். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து சிரு வரை சாக வேண்டும்.

அந்தக் கம்பளி நெசவுக்காகக் காஷ்மீருக்கு வந்தது. சீன மருந்துக்காரர்களுக்கு வேண்டியிருந்தது புலி எலும்பு. இரண்டும் இமயத்துக் கணவாய்களில் கைமாறின. 1993-இல் டெல்லியில் ஒரே வழக்கில் 280 கிலோவுக்கு மேல் புலி எலும்பு பிடிபட்டது. இங்கே புலி சாவதால் அங்கே சிரு சாகிறது. அங்கே சிரு சாவதால் இங்கே இன்னொரு புலிக்குக் கண்ணி வைக்கிறார்கள். பண்டமாற்றில் என்னை அச்சுறுத்துவது இதுதான். பண வியாபாரத்தில் எங்காவது ஒரு வங்கிக் கணக்கிலோ ரசீதிலோ தடம் விழும். இதில் மிஞ்சுவது இரண்டு பிணங்கள் மட்டுமே.

சால்வை வியாபாரி, சென்னை: பஷ்மினா என்று வாங்கியதில் ஷாதூஷ் கலந்திருந்தால் எப்படித் தெரியும்?

கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். நல்ல பஷ்மினாவும் அப்படி நுழையும். நெய்த துணியிலும் சிருவின் முரட்டு வெளிமயிர் ஓரிரண்டு தங்கிவிடும். இடுக்கியால் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மயிரின் உட்பகுதி கூழாங்கல் பாவிய தரைபோலத் தெரியும். பஷ்மினா ஆட்டின் மயிரில் அந்த அமைப்பு இல்லை. முதன்முறை பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை நான். அவ்வளவு மென்மையான துணிக்குள் கொலைக்குச் சாட்சியாக ஒற்றை மயிர் இருந்தது.

ஆய்வு மாணவர், புதுச்சேரி: அரசே எல்லைகளில் பண்டமாற்றை அனுமதித்ததே?

அனுமதித்தது, பட்டியல் போட்டு. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருடன் 1995-இல் எல்லை வர்த்தகம் தொடங்கியது. அதில் பண்டமாற்று முறை 2015 டிசம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய வர்த்தகம் முழுக்கப் பண்டமாற்றாகவே 2008 முதல் 2019 வரை நடந்தது. சிக்கிமில் சீன எல்லையில் 2006-இல் மீண்டும் திறந்த நாதுலா கணவாயின் இறக்குமதிப் பட்டியலைப் பாருங்கள்: வெள்ளாட்டுத் தோல், செம்மறித் தோல், கம்பளி, யாக் வால். அத்தனையும் வளர்ப்பு விலங்குகள். காட்டு விலங்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் "கம்பளி" என்று எழுதிய மூட்டைக்குள் எந்தக் கம்பளி இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. மூட்டையைப் பிரிப்பவருக்குப் பயிற்சி வேண்டும். பட்டியலை நீட்டுவதைவிட, ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் கிடைத்தால் எவ்வளவோ பயன் உண்டு.

மீனவர், இராமநாதபுரம் மாவட்டம்: ஐயா, கடல் அட்டையை இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்கள். நாங்கள் நடுக்கடலில் கொடுத்துவிட்டு வேறு சாமான் வாங்கினால் யாருக்கு என்ன நட்டம் என்கிறார்கள் சிலர்.

தம்பி, அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். 2001 முதல் நம் பக்கம் கடல் அட்டையைப் பிடிக்கவே தடை. பிடித்ததே குற்றம் என்றால் மாற்றிக்கொள்வது எப்படிச் சரியாகும்? நடுக்கடல் என்று யாருக்கும் சொந்தமில்லாத இடமும் அங்கே இல்லை. 1974 உடன்படிக்கையின்படி பாக் நீரிணையில் நம் கடல் முடியும் கோட்டிலேயே இலங்கைக் கடல் தொடங்கிவிடுகிறது. வேக வைத்துக் காய வைத்தபின் அட்டை விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கட்டை போலாகிவிடும். ஒரு சிறு சாக்கில் எத்தனை உயிர் என்று எண்ணிப் பார்த்தவன் நான். கடலடி மண்ணைத் தின்று சுத்தம் செய்யும் உயிர் அது. உங்கள் வலையில் நாளை மீன் விழ வேண்டுமென்றால் அடியில் அது இருந்தாக வேண்டும். வலையில் தானாகச் சிக்கினால் உயிரோடு திரும்ப விட்டுவிடுங்கள்.

இல்லத்தரசி, சேலம்: தாத்தா காலத்து மான் கொம்பைக் கொடுத்து, வெளிநாட்டு நண்பரிடம் பழைய நாணயங்கள் வாங்கலாமா?

கூடாது. உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் ஏற்றுமதிக்குத் தடைதான்.

கல்லூரி மாணவர், கோவை: உயிரியல் பூங்காக்கள் மட்டும் விலங்குக்கு விலங்கு மாற்றிக்கொள்கின்றனவே?

மாற்றிக்கொள்ளலாம், கண்காணிப்போடு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலிரண்டு பட்டியல்களில் உள்ள விலங்கு என்றால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுப் பூங்கா என்றால் சைட்டீஸ் அனுமதியும் சேரும். சைட்டீஸின் முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலில் உள்ள விலங்கானால், அதைப் பெறும் நாடு முதலில் இறக்குமதி அனுமதி தந்தபின்தான் அனுப்பும் நாடு ஏற்றுமதிச் சீட்டே எழுதலாம். அதை அனுப்புவதால் காட்டில் அந்த இனத்துக்குக் கேடில்லை என்று அதற்கென உள்ள அறிவியல் அமைப்பு எழுதித் தர வேண்டும். பூங்கா மாற்றத்திலும் பணம் இல்லை, கணவாயில் நடந்ததிலும் பணம் இல்லை. ஆனால் பூங்கா மாற்றத்தில் எந்த விலங்கு, எங்கே பிறந்தது, யாரிடம் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரோடு கையெழுத்துப் போடுகிறார்.