கொல்லும் நாயகியைப் பற்றி ஆய்வேடு எழுதுவது எப்படி?

கேள்வி: மேலைநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் போர்வீராங்கனைகள் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். "கொலை செய்கிறவள் எப்படிப் பெண்ணிய நாயகி ஆவாள்?" என்கிறார் நெறியாளர். பணம் தந்தால் எழுதித் தருவதாக ஒரு புராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த சென்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வாளெடுத்தாள், ஆகவே அதிகாரம் பெற்றாள் என்று ஒரே சரக்கைப் பெயர் மாற்றிப் பலருக்கும் விற்பார்கள். 2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 60 விழுக்காட்டைத் தாண்டினால் உங்கள் பதிவு ரத்தாகும். விற்றவருக்கு ஒரு நட்டமும் இல்லை. விழுக்காட்டை எண்ணும் பல்கலைக்கழகங்கள், மாணவி அந்தத் தொடரைப் பார்த்தாளா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லையே!

நெறியாளரின் கேள்விக்கு வருகிறேன். கொல்கிறாளா என்பதோடு நிற்காதீர்கள். அவளுடைய வலிமைக்குக் கதை என்ன விலை வைக்கிறது என்று பாருங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வரும் பிரபு வீட்டு மகள் சான்சா வாளேந்துபவள் அல்லள். ஆனால் சிக்கல் அவளிடம்தான் பளிச்சென்று தெரியும். 2015இல் வந்த திருமண இரவுக் காட்சியில் கணவன் ராம்சே அவளை வல்லுறவு செய்கிறான். கேமராவோ அவளை விட்டுவிட்டு, பார்க்கும்படி நிறுத்தப்பட்ட, அவள் வீட்டில் வளர்ந்த தியோனின் அழுமுகத்தில் போய் நிற்கிறது. வதை அவளுக்கு, வேதனை அவனுக்கு! 2019இல் அவள் வாயாலேயே, அந்தக் கொடுமைகள் இல்லாவிட்டால் விவரமறியாத சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்று சொல்ல வைத்தார்கள். வல்லுறவைப் பயிற்சிக்கூடமாக்கிய இந்த எழுத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக நிற்பவள், 'ஸீனா: வாரியர் பிரின்சஸ்' தொடரின் வீராங்கனை ஸீனா. 1995இல் 'ஹெர்குலிஸ்' தொடரில் வில்லியாக வந்து, அதே ஆண்டில் தனித்தொடரின் நாயகியானவள். படை நடத்தி ஊர்களைச் சூறையாடிய பழைய பாவத்தைச் சுமந்துகொண்டே திரிகிறாள். 1996இல் அவளுக்கு எதிரியாக வந்த கலிஸ்டோவைக் கவனியுங்கள். சிறுமியாக இருந்தபோது ஸீனாவின் படை அவள் ஊரை எரித்தது, குடும்பம் மாண்டது. வளர்ந்தவள், ஸீனாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊர்களைத் தாக்குகிறாள். அந்த வீராங்கனையை உருவாக்கியது நாயகியின் வன்முறைதான். நாயகியால் அதிலிருந்து நழுவ முடிவதில்லை; கலிஸ்டோவை அடித்துக் கொல்ல வரும் கும்பலையும் அவளே தடுக்க வேண்டியிருக்கிறது. வன்முறையைக் கொண்டாடாமல் கணக்குக் கேட்கும் எழுத்து இது. பெண்ணிய வாசிப்புக்கு இடம் இங்கே இருக்கிறது.

சான்சாவின் திருமண இரவு, ஸீனா கும்பலைத் தடுப்பது ஆகிய இரு காட்சிகளையும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். கேமரா யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஷாட் வாரியாகக் குறித்து, அந்தத் தாளோடு நெறியாளரைப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் 'சர்வதேச' இதழ்களின் மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.