வீட்டுக்குள் வளரும் செடிகளில் பூச்சியும் சிலந்திப்பேனும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஐயா, குளிர்சாதன அறையில் வைத்திருக்கும் அரிகா பனையின் இலைகள் பொடிப்பொடியாக வெளுத்து, நுனியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. கடையில் கொடுத்த இமிடாகுளோபிரிட் மருந்தை இரண்டு முறை தெளித்தேன். குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது.

பதில்: ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, இலையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் தூசியை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், அதில் சில புள்ளிகள் மெல்ல ஊரத் தொடங்கும். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கோடு இழுக்கும். அதுதான் சிலந்திப்பேன், சிலர் செம்பேன் என்பார்கள். இதற்கு எட்டுக் கால்கள் உண்டு; இது பூச்சி இனமே அன்று, சிலந்தியின் உறவு. ஆகவே சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. அதைப் பயன்படுத்திய செடிகளில் பேன் பெருகியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயே தெரியாமல் மருந்து கொடுத்த கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். செடியைப் பார்க்காமல் அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

செடியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, தொட்டி மண்ணைப் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டி, குழாய் நீரை இலைகளின் அடிப்பக்கத்தில் சற்று வேகமாகப் பாய்ச்சுங்கள். பேன்களும் வலையும் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். ஆனால் முட்டைகள் தங்கிவிடும். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை முழுப்பேனாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலமே பிடிக்கும் என்பதால், 5 நாள்களுக்கு ஒருமுறையாக 4 முறை கழுவிச் சோப்புக் கரைசல் தெளிக்க வேண்டும். பலரும் இரண்டாவது முறையோடு நிறுத்திவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தை (வெட்டபிள் சல்ஃபர் என்னும் தூள்) கலந்து, செடியை மாடத்துக்குக் கொண்டுபோய்த் தெளியுங்கள். கடும் வெயில் காலத்திலும், வேப்ப எண்ணெய் தெளித்து மூன்று வாரம் ஆகாத செடியிலும் கந்தகம் கூடாது, இலை கருகிவிடும்.

கேள்வி: வேப்ப எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கிறது. அப்படியே தெளித்ததில் இலையில் எண்ணெய்த் திட்டுகள் விழுந்து பழுத்துவிட்டன.

பதில்: எண்ணெயை முதலில் சோப்போடு சேர்க்க வேண்டும், தண்ணீரோடு அன்று. 5 மில்லி எண்ணெயில் 1 அல்லது 2 மில்லி திரவக் காதி சோப்பை விட்டு, பால் நிறமாகும்வரை நன்றாகக் கலக்கிய பிறகு, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் சோப்பு திரிதிரியாகத் திரிந்து வீணாகிவிடும். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு லிட்டரை இதற்காகச் செலவிடுவதில் தவறில்லை. துணி துவைக்கும் தூள் மட்டும் வேண்டாம், இலையின் மெழுகுப் பூச்சை அது அரித்துவிடும். கலந்ததை அன்றைக்கே மாலையில் தெளித்து முடியுங்கள். பெரணி வகைகளுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்வதில்லை. எந்தச் செடியானாலும் ஓர் இலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கேள்வி: குரோட்டன் செடியில் பஞ்சு போன்ற மாவுப்பூச்சியைத் துடைத்துத் துடைத்து எடுத்தும் மீண்டும் வருகிறது. எறும்புகளும் வரிசையாக ஏறுகின்றன.

பதில்: நீங்கள் துடைத்தது தாய்ப்பூச்சியை. அது விட்டுச்செல்லும் பஞ்சுப் பொதி ஒன்றில் 300 முதல் 600 முட்டைகள் வரை இருக்கும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் படாதவை, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் போய்ப் பதுங்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அந்த இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். மெழுகு கரைந்து, வெள்ளைப் பூச்சி பழுப்பாக மாறுவது அப்போதே தெரியும். வாரம் ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம். எறும்புகள் மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக வருபவை. இனிப்பு தருவதை இயற்கை எதிரிகளிடமிருந்து காத்து நிற்கும். ஆகவே தொட்டி சுவரைத் தொடாதபடி நகர்த்தி, அடியில் நீர் நிறைந்த தட்டில் கல் வைத்து, அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள்.

இயற்கை எதிரி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் 2008ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியபோது, எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோஃபேகஸ் என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஆனால் மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை வாங்கி வரவேற்பறையில் விடலாமா என்று கேட்டுவிடாதீர்கள், அது சன்னல் கம்பியில்தான் போய் உட்காரும்.

கேள்வி: தொட்டிகளைச் சுற்றிக் கொசு போன்ற கருப்பு ஈக்கள் பறக்கின்றன.

பதில்: பூஞ்சை ஈக்கள். ஈரம் மாறாத தென்னை நார்க்கழிவின் மேல் அடுக்கில் இவற்றின் புழுக்கள் வளர்கின்றன. மேலே ஓர் அங்குலம் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொட்டியில் செருகுங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஓய்ந்துவிடும்.

கேள்வி: ரப்பர் செடியின் தண்டில் ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில்கள், ஒரு மாதம் எண்ணெய் தெளித்த பின்னும் விழவில்லை. செத்ததா இல்லையா என்று எப்படி அறிவது?

பதில்: செதில் பூச்சி செத்தாலும் ஓடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நகத்தால் ஒன்றை நெம்பிப் பாருங்கள்: அடியில் ஈரம் கசிந்தால் உயிர் இருக்கிறது, உமி போல் உதிர்ந்தால் இல்லை. பழைய பல்துலக்கியால் தேய்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், புதிதாக வருபவை உடனே கண்ணில் படும்.

கேள்வி: மாடத்துக் கறிவேப்பிலைக்கு, கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தையே அடித்தால் என்ன?

பதில்: கூடவே கூடாது. அந்தப் புட்டிகளில் உள்ள கரைப்பான் இலையைக் கருக்கும். குழம்பில் போடும் இலையில் அந்த நஞ்சு சேரும். சிலர் பழைய கையிருப்பில் டைகுளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லியை வைத்திருக்கிறார்கள். அது 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது, மூடிய அறையில் அதன் ஆவியே கேடு. கறிவேப்பிலைக்குத் தண்ணீர்ப் பீச்சலும், மேலே சொன்ன வேப்ப எண்ணெய்க் கரைசலும் போதும். தெளித்து ஒரு வாரம் கழித்துப் பறித்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மணி பிளாண்ட் வாடியதால் தொட்டியிலிருந்து பெயர்த்தேன். வேரெல்லாம் வெள்ளை மாவு. காப்பாற்றலாமா?

பதில்: அது வேர் மாவுப்பூச்சி. தெளிப்பு எதுவும் அங்கே எட்டாது. கணு உள்ள இரண்டு தண்டுகளை மேலிருந்து வெட்டி, கழுவி, கண்ணாடிப் புட்டி நீரில் வையுங்கள்; இரண்டு வாரத்தில் புது வேர் வந்துவிடும். மீதிச் செடியையும் மண்ணையும் உறையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், பக்கத்துத் தொட்டியில் கொட்டாதீர்கள். நானே ஒருமுறை மண்ணை வீணாக்க மனமில்லாமல் செம்பருத்தித் தொட்டியில் கொட்டி, அதையும் இழந்தேன்.