தாழ்தளப் பேருந்து வந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: அம்மா சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார். எங்கள் தடத்தில் தாழ்தளப் பேருந்து விடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். வேறு எதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமா?
– வாசகி, தக்கலை

பதில்: கட்டாயம் கேளுங்கள். பேருந்தைவிட நிறுத்தம்தான் அதிகம் காலை வாரும்.

தாழ்தளப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம். ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும் வசதி இருந்தால் 340 வரை இறங்கும். வாசலில் விரிக்கும் பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வையுங்கள். நிறுத்தத்தில் 150 மி.மீ. உயர மேடை இருந்தால் ஏற வேண்டியது 190 மி.மீ.தான். பின்னால் ஒருவர் தள்ளினால் ஏறிவிடலாம். மேடையே இல்லாமல் சாலையில் பலகையை விரித்தால் ஏற்றம் மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம். நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். மேடை உயர்ந்துவிட்டாலும் சிக்கல்தான். வண்டியின் அடிப்பாகம் உரசும் என்று ஓட்டுநர் தள்ளி நிறுத்துவார், பலகை எட்டாது.

ஆகவே மனுவில் அளவோடு எழுதுங்கள். மேடை 150 மி.மீ. உயரம். வாசல் வந்து நிற்கும் இடத்தில் தூணோ சிமெண்ட் பெஞ்சோ இல்லாமல் 2.5 மீட்டர் ஆழம்: பலகைக்கு ஒன்று, நாற்காலி திரும்ப ஒன்றரை. மேடைக்கு ஏறும் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது குறைந்தது 1.8 மீட்டர் நீளம். அது மழைநீர் ஓடையில் போய் முடியக் கூடாது. ஓடை மூடியின் இடுக்கு 12 மி.மீ.க்கு மேல் போனால் முன்சக்கரம் மாட்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. சாலைகள் ஏற்ற இறக்கமானவை. சரிவில் நிற்கும் பேருந்தில் பலகை கோணலாகத்தான் உட்காரும். நிறுத்தத்தைச் சற்று நகர்த்தியாவது சமமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடுத்தது, இரு பருவமழையும் நமக்கு உண்டு. வழவழப்பான டைல்ஸ் பாசி பிடித்து வழுக்கும். துடைப்பத்தால் கோடிழுத்த சிமெண்ட் தளமே நல்லது.

யாரிடம் கொடுப்பது? சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். தக்கலை வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 66 ஓரமென்றால் உள்ளாட்சி அமைப்பால் தனியாக எதுவும் செய்ய முடியாது, வீணாக அலையாதீர்கள். நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் உரிய துறைக்குப் போகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 41 என்று குறிப்பிடுங்கள். போக்குவரத்து வசதி சலுகையல்ல, உரிமை.

கேள்வி: ரயில் கட்டணச் சலுகைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? குழித்துறையில் ஏறுவது சிரமமாக இருக்கிறது.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நம் பகுதி நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தவை, சலுகைக்கான அடையாள அட்டை அந்தக் கோட்ட அலுவலகத்திலிருந்துதான். உடல் இயக்கக் குறைபாடு என்றால், மருத்துவர் ரயில்வேயின் படிவத்தில் ‘துணையின்றிப் பயணிக்க இயலாதவர்’ என்று சான்றளிக்க வேண்டும். அந்தச் சொற்கள் விடுபட்டால் விண்ணப்பம் செல்லாது. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் உங்களுக்கும் துணைக்கும் 75 சதவீதச் சலுகை.

ஏறுவதுதான் கடினம். உயர்ந்த நடைமேடையிலும் பெட்டித் தளம் இன்னும் 40 செ.மீ.க்கு மேல் இருக்கும். தூக்கித்தான் ஏற்ற வேண்டும். குழித்துறையில் வண்டி நிற்கும் நேரம் அதற்குப் போதாது. முடிந்தால் ரயில் புறப்படும் நிலையத்துக்கே, நாகர்கோவிலோ கன்னியாகுமரியோ, போய்விடுங்கள். கன்னியாகுமரியில் தண்டவாளம் அங்கேயே முடிவதால் மேம்பாலம் ஏறாமல் நடைமேடைகளுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிப் பெட்டி பெரும்பாலும் வண்டியின் கோடியில், கார்டு பெட்டியோடு இருக்கும். எந்தக் கோடி என்று முன்கூட்டியே ரயில்வே உதவி எண் 139-ல் கேளுங்கள். தூக்கும்போது கால்தாங்கியைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் இரும்புச் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். கைதாங்கியைப் பிடித்தால் பல நாற்காலிகளில் அது கையோடு வந்துவிடும்.