பறந்து வரும் படைப்புழுவுக்குக் கோடை உழவு எதற்கு?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறேன். அதன் குருத்தைத் தின்னும் படைப்புழுவின் தாய்ப்பூச்சி நூறு கிலோமீட்டர் பறந்து வருமாம். அப்படியென்றால் என் காட்டை மட்டும் உழுது, வேப்பம்புண்ணாக்கு போட்டு என்ன ஆகப்போகிறது ஐயா?

பதில்: ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்கும் என்பது நிஜம்தான். ஆனால் வருஷா வருஷம் வலசை போக வேண்டிய கட்டாயம் அதற்கு உறைபனி விழும் நாடுகளில்தான். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிதான் அதன் பூர்வீகம். உறைபனி தாங்காது; கூட்டுப்புழுவாக மண்ணில் உறங்கிக் குளிரைக் கடத்தவும் தெரியாது. அதனால் ஐக்கிய அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ் தென்கோடிகளில் மட்டும் குளிர்காலத்தில் பிழைத்துக் கிடந்து, வெயில் ஏற ஏற, தலைமுறை தலைமுறையாகக் கனடா வரை போகும். பனி விழுந்ததும் வடக்கே போனதெல்லாம் செத்துவிடும்.

2016இல் ஆப்பிரிக்கா, 2018 மே மாதம் கர்நாடகம், அதே வருஷம் நம் காடுகள். இங்கே அதைக் கொல்லப் பனி ஏது? மக்காச்சோளம் இல்லாவிட்டால் சோளத்தில், புல்லில் ஓட்டிவிடும். வெளியூரிலிருந்து வருவதை நாம் தடுக்க முடியாது. உள்ளூரிலேயே பெருகுவதைக் குறைக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைப் புரட்டி வெளியே போடும் உழவு அதற்குத்தான்.

அதிலும் ஒரு விஷயம். நம் வெயிலில் கூட்டுப்புழு பத்து நாளுக்குள் பூச்சியாகிவிடும். தை மாதம் அறுத்துவிட்டுச் சித்திரையில் உழுதால், பழைய பயிரின் புழு உங்களுக்காகக் காத்திருக்காது! அறுத்த கையோடு ஒரு உழவு ஓட்டுங்கள், தானாக முளைத்த மக்காச்சோளத்தை அழியுங்கள். விதைக்குமுன் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு.

இதைவிட முக்கியம், பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதைப்பது. ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே போட்டால் முதல் காட்டில் வளர்ந்த பூச்சி கடைசிக் காட்டில் முட்டை வைக்கும். வரப்பில் தட்டைப்பயறு போடுங்கள், நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும்.

முளைத்த பத்தாம் நாளிலிருந்து குருத்தைப் பாருங்கள். இலையில் ஜன்னல் மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தால் புழு சின்னது, மருந்துக்குக் கட்டுப்படும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (தண்ணீரில் கரையும் குருணைப் பூச்சிக்கொல்லி) 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம், சாயங்காலத்தில், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். மரத்தூள் போலப் புழுவின் எச்சம் குருத்தை அடைத்துக்கொண்ட பிறகு அடித்தால் பாதிக்காசு வீண்.