விழுந்துவிடுவார் என்று படுக்கவே வைத்திருக்கலாமா? பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மறுபடி விழுந்துவிடுவாரோ என்று எழவே விடுவதில்லை. பெட்பேன்தான். சரிதானே?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் படுத்தே கிடப்பதும் ஆபத்துதான், சத்தமில்லாமல் வரும் ஆபத்து. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த 2007 ஆய்வு ஒன்றில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. இதோடு படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது எல்லாம் சேரும். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இப்போதைய வழக்கம். காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று சர்ஜனிடம் இன்றே கேளுங்கள். முழு பாரம் என்றால் வாக்கரைக் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று, கழிப்பறைக்கு நடக்க வையுங்கள். முதலில் அந்தப் பெட்பேன் போகட்டும்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு இடது கால் இழுக்கிறது. ஆனாலும் டீக்கடைக்குப் போவேன் என்கிறார். தடுத்தால் பேசுவதே இல்லை.

பதில்: டீதான் வேண்டுமா, கடையில் பேப்பர் படிக்கும் கூட்டாளிகள் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பெரியவருக்குக் கூட்டாளிகள்தான் வேண்டியிருந்தது. இரண்டு பேர் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் அவரே அவர்களோடு கடைக்கு நடந்தார்.

உங்கள் அப்பாவோடு அந்த வழியை ஒருநாள் நடந்து பாருங்கள். சாக்கடை மூடி எங்கே ஆடுகிறது, பைக் எங்கே மறிக்கிறது, பாதி வழியில் உட்கார இடம் உண்டா? கைத்தடி வலது கையில் இருக்க வேண்டும். இழுக்கும் காலின் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தவறு. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள செருப்பு போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது இழுக்கும் கால் முதலில். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், விழுந்து தலையில் அடிபட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நன்றாகத்தானே பேசுகிறார் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: குளியலறையில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: சுவரில் பதித்த கைப்பிடி (துண்டு போடும் கம்பி எடை தாங்காது), உட்கார்ந்து குளிக்க நாற்காலி, இரவில் எரியும் சின்ன விளக்கு. தாழ்ப்பாள் போட வேண்டாம்.

கேள்வி: தாத்தாவுக்கு விழுங்குவதில் சிரமம். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் தருகிறோம். ஒரு வாய் காபிக்குக் கெஞ்சுகிறார்.

பதில்: நீர்த்த பானம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். அதனால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். விழுங்கும் பயிற்சி தருபவரிடம் மறுபரிசோதனை கேளுங்கள், பக்கவாதத்தால் வந்த சிரமம் என்றால் பலருக்கு இது தேறும். தேறாவிட்டாலும், ஆபத்தைத் தெரிந்துகொண்டே காபி வேண்டும் என்று தாத்தா சொன்னால், அதை டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம். வாயைச் சுத்தம் செய்து, நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. அந்தப் பேச்சு நடக்கும்போது தாத்தாவும் அறையில் இருக்கட்டும்.