வாசகர் கேள்வி: தறியில்லா நெசவு

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கைத்தறி ஓடுகிறது. அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியினர் தறியே இல்லாமல், வெறும் விரல்களால், மணி பதித்த இடைக்கச்சை நெய்வார்களாமே? தறியில் பாவு ஏற்றாமல் நெசவு எப்படி நிற்கும்? மணிகளைப் பிறகு தைப்பார்களா?
– வாசகி, மருதமுனை

பதில்: உங்கள் தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூல் கடைசி வரை பாவாகவே இருக்கும், குறுக்கே ஓடுவது நாடா என்னும் தறிக்கருவி கொண்டுபோகும் ஊடு நூல் மட்டுமே. விரல் நெசவில் இந்தப் பிரிவினையே இல்லை. கம்பளி நூல்களை ஒரு குச்சியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றுவிட்டொன்றாக விரலால் தூக்கி, அந்த இடைவெளியில் ஓரத்து நூலொன்றைக் குறுக்கே செலுத்துவார்கள். மறுகரை சேர்ந்ததும் அந்த ஊடு நூல் கீழே தொங்கி மற்றவற்றோடு பாவாகிவிடும். அடுத்த ஓரத்து நூல் அதன் வேலையை ஏற்கும். தலைப்பின்னலை மூன்று பிரிக்குப் பதிலாக நாற்பது பிரியில் பின்னுவதாக எண்ணிப் பாருங்கள். (பன்பாய் இழைக்கும் உங்கள் அயலவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.)

ஒவ்வொரு நூலும் சாய்ந்தே இறங்குவதால் நிறங்களும் சாய்ந்து ஓடுகின்றன. ஓரத்துக்குப் பதிலாக நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் நூலைச் செலுத்தினால், கூரை முகடு போன்ற வரிகள் அடுக்கடுக்காக விழும். அம்புமுனைக் கோலத்துக்கோ இரு நிற நூல்களை ஒன்றோடொன்று கொளுவித் திருப்ப வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கே அது வசப்படும்.

மணிகளைத் தைப்பதில்லை. சிறிய வெள்ளைக் கண்ணாடி மணிகளை நூலில் கோத்து, நெய்யும்போதே உரிய இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நெய்து முடித்தபின் ஒரு மணியைக்கூட நுழைக்க வழியில்லை, ஆகவே கோலம் முழுவதும் முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய வணிகர்களிடமிருந்து கம்பளி நூலும் கண்ணாடி மணியும் வருவதற்கு முன்னர், ஓசேஜ் வட்டாரத்துப் பழங்குடியினர் காட்டெருமை மயிரையும் தாவர நாரையும் கொண்டு நெய்தார்கள். 1870களில் கன்சாஸிலிருந்து இன்றைய ஒக்லஹோமாவுக்கு இடம்பெயர நேர்ந்தபோதும் ஓசேஜ் மக்கள் இக்கலையைக் கைவிடவில்லை. இதனை அருங்காட்சியகப் பொருளாக மட்டும் எண்ணுவது தவறு: ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் இன்லோன்ஷ்கா நடனத்தில் ஆண்கள் இன்றும் இக்கச்சையை இடுப்பிலும், குறுகிய பட்டிகளை முழங்காலின் கீழும் கட்டுகிறார்கள்.

முயன்று பார்ப்பதானால் தறியில் மிஞ்சிய பருத்தி நூல் வேண்டாம், அது வழுக்கும். கம்பளி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரு நிறத்தில் பன்னிரண்டு இழை போதும். முதல் முழத்தை எப்படியும் அவிழ்க்க வேண்டிவரும்.