சொல் கேளாத நாய்

அன்புள்ள ஐயா,

நாட்டு நாய்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டு வெள்ளையின் நினைவாகவே இருக்கிறது. எண்பதுகளில், நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது, அப்பா ராஜபாளையத்திலிருந்து அதைக் குட்டியாக வாங்கி வந்தார். உடம்பெல்லாம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. தெருவே வந்து பார்த்தது. ஆனால் அது எந்தச் சொல்லுக்கும் பணியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அப்பா பிரம்பெடுத்துப் பழக்கினார். அடிக்குப் பயந்து ஒடுங்கியதே தவிர ஒன்றும் கற்கவில்லை. தீபாவளிக்கு ஊர் நாய்களெல்லாம் மூலைக்கொன்றாய் ஓடி ஒளியும்போது வெள்ளை முற்றத்தில் படுத்துத் தூங்கும். அவ்வளவு திமிர் என்பார் அப்பா. ஒருநாள் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்ததை மாமா தடவிக் கொடுக்கப் போக, அவர் கையைக் கடித்துவிட்டது. அதன்பின் சாகும்வரை சங்கிலிதான். என்னிடம் மட்டும் ஓடி வரும். எதிரே நின்று கையை ஆட்டினால் போதும்.

அது அறிவில்லாத நாயா, பிடிவாதக்கார நாயா? இப்போது என் மகள் நாட்டு நாய்தான் வேண்டும் என்கிறாள். வாங்கலாமா?

க.
கோவை

அன்புள்ள க.,

உங்கள் வெள்ளைக்குக் காது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் பார்த்திராத நாயைப் பற்றி, இத்தனை ஆண்டுகள் கழித்து, அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. வெடிச் சத்தத்துக்கு அஞ்சாத நாய்கள் உண்டு. வெடிக்கு நடுவே தூங்கும் நாய் அரிது. கூப்பிட்டால் திரும்பாத அதே நாய், கண்ணெதிரே நீங்கள் கையை ஆட்டியதும் ஓடி வந்திருக்கிறது. பிறகு அந்தக் கடி. கேட்கும் நாய்க்கு ஆள் நெருங்கும் காலடி ஓசையே முன்னறிவிப்பு. கேளாத நாய்க்கு உடம்பில் படும் கைதான் முதல் செய்தி. திடுக்கிட்டு விழித்து, யாரென்று பார்ப்பதற்கு முன்பே பல் பட்டுவிடும். அது அச்சத்தில் கடிப்பது. கோபக்கார நாய் என்று அதைக் காலமெல்லாம் கட்டிப்போட்டது, அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் நடந்த துயரம்.

வெண்ணிறத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகிற உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வேறு வேலை: ஒலியை உணரும் பகுதி உயிரோடிருக்க வேண்டிய சூழலைக் காப்பது. உடம்பை வெளுக்கச் செய்யும் மரபணுக்களால் அந்த உயிரணுக்கள் காதுக்குள் போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணரும் உயிரணுக்கள் அழிந்துவிடும். பிறகு மீட்க வழியில்லை. டால்மேஷன் இனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ராஜபாளையம் இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அதை வளர்ப்பவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். சில குட்டிகளுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. அவற்றுக்குக் குரல் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடாது. நாம் கூப்பிட நாய் வேறு பக்கம் திரும்பும். அதையும் திமிர் என்றுதான் சொல்வோம்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மாசுமருவற்ற வெள்ளைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் கூடுதல் விலை கொடுத்துத் தேடித் தேடி வாங்குகிறோமே, அந்த ஆசைக்கான விலையில் ஒரு பங்கை இந்த நாய்களின் காதுகள் கொடுத்திருக்கின்றன. இதை வாங்குபவர்களிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

உங்கள் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அவருக்கு இதை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? பிரம்பைத்தான் குறை சொல்வேன். எதற்காக அடி விழுகிறது என்று தெரியாத நாய் அதிலிருந்து கற்பது ஒன்றுதான்: இந்த மனிதர் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேளாத நாயையும் பழக்க முடியும். உட்கார ஒரு கைச்சைகை, வர ஒன்று, இருட்டில் டார்ச் வெளிச்சம், தரையில் காலைத் தட்டினால் எழும் அதிர்வு. சரியாகச் செய்ததும் வாயில் ஒரு துண்டு உணவு. பள்ளிக்கூடத்துப் பையனான நீங்கள் யாரும் சொல்லாமலே அந்த மொழியில் முதல் சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வெள்ளை உங்களிடம் மட்டும் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இனி, காது நன்றாகக் கேட்டும் சொல் கேளாத நாய். அது எங்கள் வீட்டில் இருந்தது.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. எங்கள் நாயின் பெயர் கருப்பன், கன்னி என்ற வேட்டை நாயினம். கருமேனி, புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்பு, ஒட்டிய வயிறு. ராணுவத்திலிருந்து திரும்பிய சித்தப்பா, அங்கே பழக்கப்பட்ட நாய்களைப் பார்த்து வியந்தவர். தினமும் மாலையில் களத்துமேட்டில் கருப்பனை நிறுத்தி ‘சிட்’ என்பார், ‘ஸ்டே’ என்பார். அவர் குரலுக்கு அதன் காதுமடல் அசையும். அதாவது, கேட்டுவிட்டது. ஆனால் முகத்தைப் பார்க்காது. தலையைத் தூக்கி, கம்மாய்க்கரைக்கு அப்பால் உளுந்துக் காட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஏதாவது அசைந்தால் போயிற்று. கயிறு சித்தப்பாவின் கையைவிட்டு உருவிப் போயிருக்கும்.

எங்கள் தாத்தா அதற்கு ஒரு கட்டளையும் இட்டதில்லை. கம்பங்கூழை மோரில் கரைத்து வைப்பார், குடித்து முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருப்பார். விடியுமுன் அவர் காட்டுக்குக் கிளம்பினால், கூப்பிடாமலே எழுந்து முன்னால் நடக்கும். அவர் நின்றால் நிற்கும். சித்தப்பாவுக்கு இது கடைசிவரை ஆற்றாமையாகவே இருந்தது. எனக்கோ இவர்கள் இருவருக்குள்ளும் என்ன ஒப்பந்தம் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அந்த வயதின் பெரிய இன்பம்.

பின்னால் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. பார்டர் கோலி போன்ற மேய்ப்பு நாய் மனிதனைக் கவனித்தே வேலை செய்கிறது. மேய்ப்பனின் விசிலுக்கு இடமும் வலமும் திரும்புகிறது, படுக்கிறது. அப்படிச் செய்யாத நாய் ஆட்டு மந்தைக்கு ஆகாது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்றவற்றின் முன்னோர்களிடம் நாம் கேட்டது வேறு. கண்ணால் முயலைக் கண்டதும் அது பாய வேண்டும். முயல் ஓட்டத்தின் நடுவே சட்டென்று மடங்கித் திரும்பும். அந்த நொடியில் வேட்டைக்காரன் வெகுதூரம் பின்னால் இருப்பான். அவன் என்ன கட்டளையிட முடியும்? முடிவு நாயினுடையது. திரும்பி எஜமானின் முகத்தைப் பார்த்த நாய் முயலைத் தவறவிட்டது. தலைமுறை தலைமுறையாக, கேட்காமல் முடிவெடுத்த நாய்களின் குட்டிகளையே நாம் வளர்த்தோம். பிறகு களத்துமேட்டில் நிறுத்தி, ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம்.

உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-இல் வெளியிட்ட, நாயினங்களின் அறிவுத் தரவரிசையைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதில் பார்டர் கோலி முதலிடம், ஆப்கன் ஹவுண்ட் கடைசி. ஆப்கனும் கண்ணால் துரத்தும் வேட்டை நாய்தான். கோரன் கேட்டது கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர்களிடம். இயல்பூக்கத் திறனும் தானே சிக்கலைத் தீர்க்கும் திறனும் வேறு வகை அறிவு என்று அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். பட்டியலைப் பகிர்பவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் இனங்கள் அதில் இடம்பெறவே இல்லை.

மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். நான் மகிழ்வேன். ஆனால் நிறத்துக்காக வாங்காதீர்கள். தாயையும், முடிந்தால் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். குட்டியை மற்ற குட்டிகளிடமிருந்து தனியே பிரித்து, அது உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரை அதிரக் கூடாது, காற்று அதன் மேல் படக் கூடாது. சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஒலிக்கு மூளை காட்டும் மின்விளைவை அளந்து உறுதி செய்யும் பரிசோதனை இருக்கிறது. ஒரு காதின் குறையை அதில்தான் சரியாகக் கண்டுபிடிக்க முடியும். கேளாத குட்டியாக இருந்து, அதன்மேல் உங்கள் மகளுக்கு மனம் போய்விட்டால், தயங்காமல் கூட்டி வாருங்கள். சுற்றுச்சுவர் மட்டும் கட்டாயம்.

கேட்கும் குட்டியானாலும் சாலையோரத்தில் கயிறில்லாமல் விடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயல் வேட்டை குற்றம். அது நியாயமானதே. ஆனால் வேட்டை நின்றாலும் அந்தக் கண்ணும் காலும் நிற்கவில்லை. கோவைச் சாலையில் பூனையொன்று குறுக்கே ஓடினால் அதற்கு உங்கள் குரல் எட்டாது. தினமும் வேலியடைத்த வெளியில் ஓட விடுங்கள். ஓடி முடித்த நாய்தான் நாம் சொல்வதைக் கேட்கும் மனநிலையில் இருக்கும். பழக்குவதைச் சிறு சிறு பொழுதுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அலுத்துப்போன நாயிடம் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. முதல் நாளிலிருந்தே சொல்லோடு கைச்சைகையும் சேரட்டும். அதை மகளுக்குக் கற்றுக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?

குட்டி வந்ததும் எழுதுங்கள்.